பழம் படைக்கலமும் புதுக்கும் கையும்

பழம்பொருள்களைப் போற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்லுகின்றனர். போற்றுவது எவ்வாறு என்று கேட்டால், பலரும் பலவாறு விடை கூறுவர். உள்ளதை உள்ளவாறே வைத்திருத்தல்தான் போற்றுதல் என்பர் ஒரு சாரார். சிதைந்ததைச் சீர்செய்து, அது பிறந்த நாளில் இருந்த வடிவத்தை அதற்கு மீண்டும் அளித்தல்தான் போற்றுதல் என்பர் மற்றொரு சாரார். கோயில்களைப் பற்றியும் ஓவியங்களைப் பற்றியும் இவ்வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. அதே வழக்கு, நாம் அவ்வளவாக எண்ணிப் பாராத வேறொரு பொருளைப் பற்றியும் எழுந்துள்ளது. பழைய போர்த்துப்பாக்கியே அப்பொருள்.

அமெரிக்க நாட்டில் ஓர் உழவர் வீட்டை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அவ்வீட்டுச் சுவரில் ஒரு பழைய துப்பாக்கி தொங்குகின்றது. 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில், அவ்வீட்டு முன்னோர் ஒருவர் தோளில் சுமந்த துப்பாக்கி அது. ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையின் முறைப்படி செய்யப்பட்டது. அதன் குழல் நாற்பது அங்குல நீளம் உடையது. குழலின் உட்புறத்தில் திருகுசுருள் போன்ற வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அப்பள்ளங்களின் வழியே சுழன்று வெளிப்படுவதால் நேராகவும் நெடுந்தொலைவும் செல்லும். இவ்வாறு வரியிட்ட துப்பாக்கியையே ரைபிள் என்கிறோம்.

போர் முடிந்தது. வீடு திரும்பும் வீரர்கள் தாம் ஏந்திய துப்பாக்கியை ஆறு டாலர் விலை கொடுத்துத் தமதாக்கிக் கொள்ளலாம் என்று 1865-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு ஆணையிட்டது. பலர் அவ்வாறே வாங்கிச் சென்றனர். ஆனால், ஊரில் பகைவர் யார்? பயிரை மேயும் முயலும், கதிரைக் கொத்தும் காகமுமே பகை. அவற்றிற்கு நாற்பது அங்குலக் குழல் எதற்கு? ஆதலின், உழவர் குழலை அறுத்துக் குறுக்கினார். சிறு ரவைகளை இட்டுச் சுடுவதற்கு ஏற்றவாறு உள்வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கினார். கனத்த மரக்கட்டையைச் செதுக்கி மெலிவித்தார். போர்க்கருவி வேட்டைக் கருவியாயிற்று.

இப்போது அவருடைய வழித்தோன்றல் ஒருவர் அத்துப்பாக்கியைக் கையில் எடுக்கின்றார். ‘ஐயோ, எத்துணைச் சிறந்த பொருள் இவ்வாறு சிதைக்கப்பட்டுவிட்டது! புதுக்குழல் வாங்கிப் பொருத்துவேன். கட்டைக்கு ஒட்டு வைப்பேன். என் முன்னோர் போரில் ஏந்திய வடிவத்தை மீட்பேன்’ என்று எண்ணுகின்றார். அவர் செய்ய நினைப்பது தக்கதா, தகாததா? இதுவே நம்முன் உள்ள வினா.

புதுக்க வேண்டும் என்பாரின் கட்சியை முதலில் கேட்போம். அக்கட்சியில் வலிமை இல்லாமல் இல்லை. ஒரு பொருளைச் செய்தவன் ஓர் எண்ணத்தோடு அதைச் செய்கின்றான். குழலின் நீளமும் கட்டையின் வளைவும் அவன் எண்ணத்தின் உருவங்கள். அறுக்கப்பட்ட துப்பாக்கியைக் காணும் சிறுவன் அவ்வெண்ணத்தை எங்ஙனம் அறிவான்? மேலும், மாற்றியவன் கைத்திறம் உடையவனாக இருந்தான் என்றும் சொல்ல இயலாது. அரமும் வாளும் கையில் அகப்பட்டவாறெல்லாம் ஓட்டியவர் பலர். ஒருவன் அறியாமையால் செய்த பிழையை அவனுக்குப் பின்வந்தவர் என்றென்றும் காத்து நிற்க வேண்டுமோ? நூலைப் படியெடுத்தவன் செய்த பிழையைப் பதிப்பாசிரியர் திருத்துவது இல்லையா? இவ்வாறு அவர்கள் கேட்கின்றனர்.

இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், மாற்றங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை முதலில் உணர வேண்டும். அம்மாற்றத்தைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்று கேட்க வேண்டும்.

சில மாற்றங்களைச் செய்தது படையே ஆகும். முற்காலத் துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் தீப்பொறி உண்டாக்கும். குதிரை என்னும் உறுப்பு அக்கல்லைக் கவ்விக்கொண்டு இரும்பின்மேல் பாயும். பொறி தெறித்துக் கிண்ணத்திலுள்ள மருந்தில் விழும். அதன்பின் குழலுக்குள் உள்ள மருந்து பற்றும். மழை பெய்தால் மருந்து நனையும். காற்றடித்தால் பொறி சிதறும். ஸ்காத்துலாந்து நாட்டுப் பாதிரியாராகிய அலெக்சாண்டர் ஃபோர்சைத்து என்பவர், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைச் சுடும் முறையைக் கண்டு, 1807-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். அவ்வழியே பின்னர்ச் சிறு செப்புத் தொப்பிகள் தோன்றின. உடனே அரசுகள் தம் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான கல் துப்பாக்கிகளை எறிந்துவிடவில்லை. அமெரிக்க அரசு 1840-களிலும் 1850-களிலும் அவற்றில் பலவற்றின் கிண்ணத்தையும் கல் கவ்வும் குதிரையையும் அகற்றி, தொப்பியை அடிக்கும் புதிய குதிரையைப் பூட்டியது. அவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கிகள் உள்நாட்டுப் போரில் முதலில் சேர்ந்த படைகள் பலவற்றிற்குப் பயன்பட்டன.

அப்போர் முடிந்த பின்பும் அதே கதை தொடர்ந்தது. குழலின் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கிகள் அரசிடம் மலைபோல் குவிந்திருந்தன. ஸ்பிரிங்ஃபீல்டு சாலையின் தலைமைக் கம்மியராகிய எர்ஸ்கின் ஆலின் என்பவர், அவற்றின் குழலைப் பின்புறத்தில் திறந்து, மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவை அமைத்தார். தோட்டாவைப் பின்புறமாகவே இட்டு விரைவாகச் சுடும் வழி பிறந்தது. இங்கிலாந்திலும் ஜேக்கப் ஸ்னைடர் என்பாரின் முறைப்படி என்ஃபீல்டு துப்பாக்கிகள் 1866 முதல் இவ்வாறே மாற்றப்பட்டன. இத்தகைய துப்பாக்கி ஒன்றை எடுத்து, கதவை நீக்கி, குழலை அடைத்து, ‘இதோ, பழைய வடிவத்தை மீட்டுவிட்டேன்’ என்று ஒருவர் மகிழ்வாரானால், அவர் மீட்டது என்ன? ஒரு நாட்டின் சிக்கனத்தையும் ஒரு கம்மியரின் அறிவையும் அழித்தார் என்பதன்றி வேறில்லை.

நம் நாட்டு வரலாற்றோடு பிணைந்த ஒரு சான்று இக்கருத்தை இன்னும் தெளிவாக விளக்கும். 1857-ஆம் ஆண்டுப் பெரும் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாக நின்றது என்ஃபீல்டு ரைபிள் என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசப்பட்டவை எனக் கருதப்பட்ட அதன் தோட்டாக்களைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது; சிப்பாய்கள் மனம் கொதித்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதன்பின் ஆங்கில அரசு செய்தது என்ன தெரியுமா? இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்குவதற்காக அதே என்ஃபீல்டு துப்பாக்கிகளின் குழலைக் கடைந்து, உள்வரிகளை நீக்கி, வழவழப்பாக்கியது. தொலைவுக்கு ஏற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிகாட்டியை எடுத்துவிட்டு, அசையாத எளிய குறி ஒன்றைப் பொருத்தியது. ஆங்கில வீரனின் குண்டு பல நூறு கெசத்துக்கு அப்பாலும் குறி தப்பாமல் செல்லும். இந்தியச் சிப்பாயின் குண்டோ நூறு கெசத்தைக் கடந்தால் எங்கே செல்லும் என்று சொல்ல இயலாது. ஒரே கொடியின் கீழ் நின்ற இரு வீரர்களின் கைகளில் இருவகைத் துப்பாக்கிகள்!

பின்னாளில் ஆங்கிலப் படைக்கு ஸ்னைடர் துப்பாக்கி வந்தபோது இந்தியப் படைக்குப் பழைய வாய்வழித் துப்பாக்கியே இருந்தது. ஆங்கிலப் படை மார்ட்டினி ஹென்றிக்கு மாறிய பின்னரே ஸ்னைடர் இந்தியர் கைக்கு வந்தது. எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருக்குமாறு பார்த்துக்கொண்டனர்.

அவ்வாறு கடையப்பட்ட துப்பாக்கி ஒன்று இன்று ஒருவர் கையில் கிடைக்கின்றது என்று கொள்வோம். ‘இது குறையுள்ள என்ஃபீல்டு, வரியிட்ட குழலைப் பொருத்தி இதன் குறையைப் போக்குவேன்’ என்று அவர் கருதினால், அதனைவிடப் பெரிய பிழை வேறுண்டோ? வரியில்லாத அக்குழல் குறையன்று, அது சாட்சி. ஆளுவோர் தம்மால் ஆளப்படுவோரை நம்பவில்லை என்பதற்கு அது கூறும் வாக்குமூலத்தை எந்த ஏடும் அத்துணைத் தெளிவாகக் கூறாது. வழவழப்பான அக்குழலுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்க்கும் மாணவன், நூறு பக்கம் படித்தும் உணராததை ஒரு நொடியில் உணர்வான். வரியிட்ட புதுக்குழல் அச்சாட்சியின் வாயை அடைத்துவிடும்.

ஆகவே, படையோ அரசோ செய்த மாற்றத்தில் கை வைத்தல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அது துப்பாக்கியின் வரலாற்றில் ஓர் அதிகாரம். நடு அதிகாரத்தைக் கிழித்தெறிந்த நூலைச் செப்பமான பதிப்பு என்று எவரும் சொல்லார்.

இங்கே பொருளாசை செய்யும் தீங்கையும் சொல்ல வேண்டும். பழம்பொருள் சேகரிப்போரிடையே கல் துப்பாக்கிக்கு விலை மிகுதி. தொப்பித் துப்பாக்கியாக மாற்றப்பட்டதற்கு விலை குறைவு. ஆதலின், மாற்றப்பட்டவற்றைப் பலர் மீண்டும் கல் துப்பாக்கிகளாக ஆக்கினர். புதிதாக வார்த்த உறுப்புகளைப் பூட்டி, அவை பழமையானவைபோல் தோன்றுமாறு துருவேற்றி விற்றோரும் உண்டு. வாங்கியவர் ஏமாந்தது ஒருபுறம் இருக்கட்டும். அத்துப்பாக்கியைக் கொண்டு ஆராய்ச்சி செய்பவரும் ஏமாறுகின்றாரே! உண்மையிலேயே மாற்றப்படாமல் எஞ்சிய கல் துப்பாக்கிகள் எத்தனை என்பதைக் கணக்கிடவும் இயலாமற்போகின்றது. ஒரு பொய் ஓராயிரம் மெய்களின்மேலும் ஐயத்தைப் படரச் செய்கின்றது.

இனி, தனி மனிதர் செய்த மாற்றங்களைப் பார்ப்போம். இங்கேதான் வழக்குக் கடினமாகின்றது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு, படையிலிருந்து கழிக்கப்பட்ட கிராக் துப்பாக்கிகளையும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளையும் மக்களுக்கு மலிவாக விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐரோப்பியப் படைகள் கழித்த மௌசர் துப்பாக்கிகளும் லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளும் கப்பல் கப்பலாக அந்நாட்டில் வந்து இறங்கின. 1968-ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று அவ்விறக்குமதியைத் தடுக்கும்வரை அவை குறைந்த விலைக்குக் கிடைத்தன. புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத தொழிலாளரும் உழவரும் அவற்றை வாங்கினர், முன்கட்டையை அறுத்தனர், தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டனர், தத்தம் கைக்கு ஏற்ற வேட்டைக் கருவியாக்கினர். அந்நாளில் அவை பழம்பொருள்கள் அல்ல; கிடங்குச் சரக்குகள். அவற்றை அறுத்தவரைக் குற்றவாளிகள் என்பது முறையன்று. நாம் இன்று காணும் மதிப்பை அன்று அவர்கள் கண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நீதியாகும்?

அம்மாற்றங்களிலும் சிறப்புடையன உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசுவெல்டு, 1909-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் சென்றபோது, வேட்டைக்கெனத் திருத்தி அமைக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றைக் கொண்டு சென்றார். அத்துப்பாக்கிக்குப் போர்க்கட்டையைப் பூட்டிப் ‘பழைய வடிவத்தை மீட்போம்’ என்று எவரும் சொல்லத் துணிவரோ? தலைவரின் துப்பாக்கிக்கு உரிய மதிப்பு, பெயர் தெரியாத உழவரின் துப்பாக்கிக்கு ஏன் இல்லை? சுவரில் தொங்கும் அந்தத் துப்பாக்கியைக் குறுக்கிய கை, போரில் அதைப் பிடித்த அதே கை அன்றோ? போரிலிருந்து மீண்ட ஒருவன் தன் கருவியைப் பயிர் காக்கும் பணிக்கு மாற்றினான் என்பது போரின் கதையைவிடச் சிறிய கதையா? அவ்வழித்தோன்றல் புதுக்குழல் பூட்டினால், போர்வீரனின் நினைவை மீட்பதாக எண்ணி, அமைதிக்குத் திரும்பிய மனிதனின் நினைவை அழித்துவிடுவார். புதுக்குழலோ அவருடைய முன்னோர் கைபட்ட குழலும் அன்று. கடையில் வாங்கிய இரும்பு.

ஆயினும், ஒருபோதும் புதுக்கலாகாது என்று நான் கூறவில்லை. எவரோ ஒருவர் முன்கட்டையை மட்டும் அறுத்துவிட்டார். குழலும் இயங்கும் உறுப்புகளும் முழுமையாக உள்ளன. மாற்றியவர் யார் என்பதோ அம்மாற்றத்தால் விளைந்த பயன் என்ன என்பதோ தெரியவில்லை. அதே காலத்துக் கட்டை ஒன்று உதிரியாகக் கிடைக்கின்றது. இந்நிலையில் அதனைப் பூட்டுவதால் எவ்வித இழப்பும் இல்லை. உலோகத்தில் ஒரு கீறலும் படுவதில்லை. நாளையே வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். அறுத்த பழைய கட்டையையும் எறியாமல் வைத்திருக்கலாம். கழற்றத்தக்கதைச் சேர்த்தல் புதுக்குதலில் அடங்கும். ஆனால், குழல் அறுபட்டிருந்தாலோ, உலோகத்தில் துளைகள் இடப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அங்கே மீட்பு என்பதற்கு இடமில்லை. இரும்பு மீண்டும் முளைப்பதில்லை. அடைத்த துளையும் புதிதாகப் பொறித்த எழுத்தும் மெய்போல் நிற்கும் பொய்களே.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். பழைய கட்டைகளும் உறுப்புகளும் எங்கிருந்து வருகின்றன? சில, அக்காலத்திலேயே கிடங்கில் மிஞ்சிய உதிரிகள். அவற்றை எடுப்பதில் தவறில்லை. சிலவோ, முழுமையாக இருந்த வேறொரு துப்பாக்கியைப் பிரித்து விற்றவை. ஒன்றை முழுமையாக்க மற்றொன்றைச் சிதைப்பது எவ்வகை அறம்? ஒரு வீட்டின் ஓட்டையை அடைக்க அடுத்த வீட்டின் ஓட்டைப் பிடுங்குவது போன்றதே அது.

கட்டடங்களைப் பற்றி அறிஞர் ஆராய்ந்த முடிவுகள் இங்கே நமக்குத் துணை செய்கின்றன. ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1849-ஆம் ஆண்டிலேயே புதுக்குதலைக் கடுமையாக மறுத்து எழுதினார். வில்லியம் மாரிஸ் என்பார் பழைய கட்டடங்களைக் காக்க 1877-இல் ஒரு சங்கம் நிறுவினார். 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் சாசனம் ஒன்றை வகுத்தனர். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுக்குதல் நின்றுவிட வேண்டும். ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த நல்ல பகுதிகளை மதிக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்திருந்தாலும் வேறாகத் தெரிய வேண்டும் என்பன அவர்களுடைய கருத்துகளுட் சில. கல்லுக்குச் சொன்ன இந்நெறி இரும்புக்கும் மரத்துக்கும் பொருந்தாமல் போகாது.

எனவே, அந்த வழித்தோன்றல் என்னிடம் கேட்டால் நான் கூறுவது இதுவே: ‘ஐயா, துப்பாக்கியைத் துடையுங்கள்; துரு மேலும் பரவாமல் எண்ணெய் பூசுங்கள்; வெடித்த கட்டை பிளந்து போகாமல் காப்பாற்றுங்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள். போர்க்காலத்து வடிவம் எவ்வாறு இருந்தது என்று காட்ட விரும்பினால், பக்கத்தில் ஒரு படத்தை மாட்டி வையுங்கள். உங்கள் முன்னோரின் பெயரையும், அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதையும், குழலைக் குறுக்கியது எதற்காக என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். அத்தாள் புதுக்குழலைவிட விலை மிக்கது.’ கட்டை ஒன்றை மாற்றியே தீரவேண்டும் என்று நினைப்பவரிடமும், ‘செய்ததை மறைக்காதீர்கள், என்ன மாற்றினேன், எந்த ஆண்டில் மாற்றினேன் என்று எழுதி வையுங்கள், உம்மிடமிருந்து அதை வாங்குபவருக்கும் அதைச் சொல்லுங்கள்’ என்றே சொல்வேன்.

மாணவர்களே! இவ்வழக்குத் துப்பாக்கியோடு முடிந்துவிடுவதன்று. உங்கள் வீட்டிலும் பாட்டனார் கால்மாற்றிய நாற்காலியோ, பாட்டியார் ஒட்டுப்போட்ட செம்புக் குடமோ இருக்கலாம். உங்கள் ஊர்ச் சாவடியில் நெடுங்காலத்துக்கு முன் யாரோ எழுப்பிய சுவர் ஒன்று இருக்கலாம். ‘இது பழைய வடிவம் அன்று, இதை நீக்கிவிடுவோம்’ என்னும் குரல் ஒருநாள் எழும். அப்போது நீங்கள் சற்றே நின்று, ‘இதை மாற்றியவர் யார்? ஏன் மாற்றினார்? இதை நீக்கினால் எந்தச் சாட்சி மறையும்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை அரத்தையும் வாளையும் கையில் எடுக்காதீர்கள். இன்று காத்ததை நாளை வேண்டுமானால் புதுக்கலாம். இன்று புதுக்கியதை நாளை எவராலும் பழையதாக்க இயலாது.